வெடியுப்பு இல்லாத ஞாயிறு

சட்டியில் போட்ட துண்டு சத்தமே போடவில்லை. அடுப்பு அணைந்துவிட்டதோ என்று தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள். ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கருப்பட்டிப் பாகிலும் மிளகிலும் ராத்திரி முழுக்க ஊறிய சிப்பிக்காளான் கீற்று எண்ணெயில் சும்மா படுத்திருந்தது, கல்யாண வீட்டுச் சாப்பாடு முடித்துவிட்டுச் சாய்ந்தவரைப் போல. தோசைத் திருப்பியால் அமுக்கினாள். ஸ்ஸ் என்று ஒரு சின்ன மூச்சு, அத்தோடு சரி. குளியலறையில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அது கொட்டுகிறவரை பயமில்லை. வீட்டுக்காரர் டெரன்ஸ் குளித்து முடித்துக் குழாயை மூடினால் இந்த வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும், அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர், அதிலும் மேலே காற்றுக்கென்று விட்ட ஓட்டை. போதாததற்கு வேலைக்காலம் முழுக்க ரயில் எஞ்சின் ஓட்டிய காது. பெரம்பூர் லோகோவில் எந்த எஞ்சினுக்கு எங்கே வலி என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார் என்பார்கள். அந்தக் காதுக்கு ஒரு பேக்கன் துண்டு, உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக்கறிக் கீற்று, சட்டியில் விழுந்து பொரிவதும் பொரியாததும் தெரியாமல் போகுமா. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போய் வந்து குளிக்கிற மனிதர், சுவருக்கு அந்தப் பக்கம் சோப்புப் போட்டுக்கொண்டே, இந்தப் பக்கம் படபடவென்று கொழுப்பு வெடிக்க ஆரம்பித்ததும், "மணல் வாளி எங்க மேன்?" என்று கத்துவார். அவள், "உங்க தலைமேல" என்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான். டைப்பிஸ்ட் வேலைக்காக சிவகாசியிலிருந்து மெட்ராஸ் வந்து, ரயில்வே ஆபீஸ் கேன்டீனில் இந்த ஆங்கிலோ இந்திய டிரைவரோடு ஒரு போண்டாவுக்காகச் சண்டை போட்டு, அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை அடுப்பு ஆம்பளை பொறுப்பு என்று அவரே நின்று பேக்கன் வறுத்தார். அவள் அதற்கு முன்னால் அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்தது கிடையாது. பட் என்று ஒன்று. பட் பட் என்று இரண்டு. பட்டாசு ஆலை மருந்து அறைக்காரர் மகளுக்கு அதற்கு மேல் எண்ண நேரம் ஏது. அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, வாசலைத் தாண்டி, படிக்கட்டில் பாதி தூரம் இறக்கிவிட்டு, "மணல் வாளி எங்க? மணல் வாளி எங்க வச்சிருக்கீங்க?" என்று அலறினாள். முகச்சோப்பு நுரையோடு எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். டெரன்ஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார், கையில் முள்கரண்டி, அதில் ஒரு பேக்கன் துண்டு. எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். அடுத்த ஞாயிறிலிருந்து அடுப்பு அவள் கைக்கு வந்தது, மணல் வாளி அவர் வாய்க்குப் போனது.

அவள் ஊரில் வெடிக்குள் அடைக்கிற கலவைக்கு மருந்து என்றுதான் பெயர். சின்ன வயதில் அப்பா மருந்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மருந்து கலக்கிற அறையில் இரும்பு ஆகாது, செருப்பு ஆகாது, சிரிப்பு கூட ஆகாது என்பார் அப்பா. அறை வாசலில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும், பாதி தண்ணீர், பாதி மணல். சத்தம் கேட்டால் முதலில் ஓடு, பிறகு வாளியைத் தேடு, அதற்கப்புறம்தான் என்ன ஏது என்று பார்க்கணும். அந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை. டெரன்ஸைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் மட்டும் ஓட முடியவில்லை. குடல் டாக்டர், மகள் லொரேன் வயதுதான் இருக்கும், அவளைப் போலவே பேனாவைக் காதோரம் சொருகியிருந்தாள், ஒரு தாளில் படம் வரைந்து காட்டினாள். "காளான் மாதிரி ஒரு சின்ன வளர்ச்சி, சார். எடுத்தாச்சு. டெஸ்ட் ரிசல்ட்டும் வந்துருச்சு. இப்போதைக்கு ஒண்ணும் இல்ல." இப்போதைக்கு. தங்கபுஷ்பத்துக்கு அந்தச் சொல் சேலை முந்தானை கதவிடுக்கில் மாட்டியதுபோல மாட்டிக்கொண்டது. ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லவேண்டியதுதானே, இப்போதைக்கு எதற்கு. டாக்டர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சாசேஜ், ஹாம், பேக்கன், இதெல்லாம் இனிமேல் வேண்டாம், நைட்ரேட் போட்டுப் பதப்படுத்துகிற இறைச்சி குடலுக்கு ஆகாது. நைட்ரேட் என்றால் என்ன என்று டெரன்ஸ் கேட்டார். டாக்டர் தமிழில் யோசித்தாள், கிடைக்கவில்லை. "பொட்டாசியம் நைட்ரேட்டா? அது வெடியுப்பு" என்றாள் தங்கபுஷ்பம். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. இத்தனை வருஷமாக மணல் வாளி எங்கே, மணல் வாளி எங்கே என்று அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்தது, நிஜமாகவே வெடிமருந்துச் சாமானை வைத்துக்கொண்டா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பில்லை, ஆஸ்பத்திரிச் சிரிப்பு, அடக்க அடக்க மூக்கு வழியாக வருவது. சிரிக்கக் கூடாத அறை. டாக்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி, "பயப்படாதீங்க ஆன்ட்டி" என்றாள். டெரன்ஸ் சிரிக்கவில்லை. தாளில் இருந்த காளானையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பார் என்று நினைத்து அவள் திரும்பிய திருப்பம் பாதியில் நின்றது.

சட்டியில் கிடந்ததைத் திருப்பிப் போட்டாள். கீற்றின் ஒரு பக்கம் ஓரம் மட்டும் சுருண்டு, பழுப்பேறி, பார்க்க மோசமில்லை. வாசம்கூட மோசமில்லை. ஆனால் சத்தம். குழாய் இன்னும் கொட்டுகிறது, நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ஸ் கஞ்சி. அவரே கேட்டார். மாற்றுச் சரக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "டூப்ளிகேட் வேணாம் மேன். ஒண்ணு நிஜம், இல்லன்னா விட்டுரு." கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தானே கழுவி வைத்துவிட்டு, "தேங்க்யூ" என்றார். அதுதான் அவளை உலுக்கிவிட்டது. கல்யாணமான நாள் முதல் அவர் சாப்பாட்டுக்குத் தேங்க்யூ சொன்னதே கிடையாது. ரசத்தில் உப்பில்லை, மீனில் முள், தோசையில் ஓட்டை, இட்லி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எறிந்தால் திரும்பி வரும், இப்படித்தான் அவர் பாராட்டுவது. குறை சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவார். இப்போது குறை இல்லை, தட்டு நீட்டலும் இல்லை. தேங்க்யூ. விருந்தாளி மாதிரி. விருந்தாளி என்றால் புறப்படுகிறவன்தானே என்று ஒரு ராத்திரி நினைத்துவிட்டு, சீ என்று தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தாள். புறப்படுகிறவர் ஒன்றும் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போகமாட்டார். போவாரோ. டெரன்ஸ் போவார், எஞ்சினை விட்டு இறங்கும்போது கூட அடுத்த டிரைவருக்காகக் கைப்பிடியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார். சீ. அந்தச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இப்போதைக்கு. மழைக்குக்கூட இப்போதைக்கு இல்லை என்றால் குடையை எடுக்கத் தோன்றுகிறது.

கோல்ட் ஸ்டோரேஜ் கடைக்குப் போனது அவருக்குத் தெரியாது. இருதயராஜ் கடை, இறைச்சிப் பெட்டிகள் பனி மூடி வரிசையாக நிற்கும், உள்ளே போனதும் முழங்கை ஜில்லென்று ஆகிவிடும். வழக்கமாக அவளைப் பார்த்ததுமே இருதயராஜ் பேக்கனை எடைபோடப் போய்விடுவான். அவள் நேராகக் கேட்டாள், "வெடியுப்பு போடாத பேக்கன் இருக்கா?" கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். இருதயராஜ் தராசுத் தட்டைத் துடைப்பதை நிறுத்தினான். "அக்கா, இது கறிக் கடை. பட்டாசுக் கடைக்கு பஸ் புடிச்சு உங்க ஊருக்குத்தான் போகணும்." "விளையாடாதடா. நைட்ரேட் இல்லாதது." "அப்படிச் சொல்லுங்க. சாருக்கா?" என்று கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, முகம் கொஞ்சம் மாறி, பெட்டிக்குள் தோள்வரை கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பச்சை நிறத்தில் இலை போட்டிருந்தது. எந்தக் கெட்ட சாமானுக்கும் ஒரு இலை போட்டுவிட்டால் நல்லதாகிவிடும் இப்போது. "இதுல ரசாயனம் கெடையாது. இன்னொண்ணு இருக்கு, சோயாவுல பண்ணது, கறியே இல்ல. ஜெயின் ஆளுங்க வாங்குறாங்க." "ஜெயின் ஆளுங்களுக்கு எதுக்குடா பேக்கன்?" "அதான் எனக்கும் புரியல, வாங்குறாங்க." இரண்டையும் வாங்கினாள். வாசலில் இறங்கும்போது அவன் கூப்பிட்டான், "அக்கா, சாரை ஒரு நாள் வரச் சொல்லுங்க. கறி நல்லா இல்லன்னு திட்ட ஆளில்லாம கடையே நல்லா இல்ல." வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள், அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, பொட்டலம் இடுப்பில் குளிர்ந்து கூசியதால் சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது.

நேற்று மத்தியானம் அவர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்குச் சீட்டாடப் போன நேரம் பார்த்து இரண்டையும் வறுத்துப் பார்த்தாள். சோயா முதலில். வெள்ளையும் சிவப்பும் கோடு கோடாக, டூத்பேஸ்ட் மாதிரி ஒரே அளவில். எந்தப் பன்றி இவ்வளவு ஒழுங்காக வளர்ந்தது. வாயில் போட்டால் உப்பு வருகிறது, பிறகு ஏதோ ஒரு புகை வருகிறது, பிறகு ரப்பர் வளையம் வருகிறது, அது போகவே மாட்டேன் என்கிறது. மிச்சத்தை பால்கனிக் கட்டையில் காகத்துக்கு வைத்தாள். காகம் வந்து ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி இன்னொரு கண்ணாலும் பார்த்தது, அலகால் ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் பறந்துபோனது. அடுத்தது இலை போட்ட பொட்டலம். சட்டியில் விழுந்ததும் படபடவென்று வெடித்ததைப் பார்க்கணுமே, தங்கபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நிறம் மட்டும் உறுத்தியது. அதே இளஞ்சிவப்பு. அப்பா ஒருமுறை வந்திருந்தபோது பேக்கனைப் பார்த்ததும், "வெந்த கறி எங்கம்மா இப்படிச் சிவப்பா இருக்கும், மருந்து போட்டிருக்கான்" என்றார். அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் மருந்துதான், கோவில் குங்குமத்தையும் சிவப்பு மத்தாப்புக்குப் போடுகிற ஸ்ட்ரான்ஷியமா என்று தேய்த்துப் பார்ப்பவர், யாரும் காதில் வாங்கவில்லை, அவரும் அப்படிச் சொல்லிவிட்டு மூன்று துண்டு தின்றார். சிவப்பாக இருந்தால் என்ன, வாசம் அதேதான், சத்தம் அதேதான். ஒரு துண்டைக் கடித்தாள். இன்னொன்று. இதுதான், முடிந்தது விஷயம், நாளைக்குப் பாருங்கள் என்று மனசுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்போது மெல்பர்னிலிருந்து லொரேன் கூப்பிட்டாள். இலைப் பொட்டலத்தின் பெருமையைத் தங்கபுஷ்பம் அவளிடமும் கொட்டினாள். "மம்மி, அந்த பாக்கெட்டைத் திருப்பி போன்ல காட்டு. இன்னும் கிட்ட. பாத்தியா, செலரிச் சாறுன்னு போட்டிருக்கான்." "கீரைதானேடி அது, உடம்புக்கு நல்லதுதானே." "கீரைதான் மம்மி. அந்தக் கீரையிலேயே நைட்ரேட் இருக்கு. உப்பாப் போட்டா நைட்ரேட்டுன்னு எழுதணும், கீரைச் சாறாப் போட்டா எழுத வேணாம். உள்ள போய் எல்லாம் ஒண்ணுதான்." "அப்ப இந்த இலை?" "இலை படம், மம்மி." லொரேன் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுபோய், "டாடி எப்படி இருக்காரு, நிஜமா சொல்லு" என்றாள். "தேங்க்யூ சொல்றாருடி." "ஐயோ" என்றாள் லொரேன். வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. போனை வைத்த பிறகு தங்கபுஷ்பம் மிச்சத் துண்டுகளைக் குப்பையில் போட எடுத்துப் போனாள், போகிற வழியில் இன்னொன்று தின்றுவிட்டாள், அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, யாரும் இல்லாத வீட்டில் யாரோ பார்ப்பது போல. என் குடல் என்ன பாவம் செய்தது என்றும் தோன்றியது, தின்று முடித்த பிறகு.

பேக்கன் என்பது என்ன. உப்பு, இனிப்பு, புகை, கொழுப்பு. அவரவர் ஊர் உப்புக்கண்டம். உப்பு இருக்கிறது, இனிப்புக்குக் கருப்பட்டி இருக்கிறது, கொழுப்புக்கு நல்லெண்ணெய், புகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே தேங்காய் துருவினாள், கையில் சிரட்டை இருந்தது. கறிக்குப் பதில் என்ன என்பதற்கு மட்டும் காய்கறிக்காரன் வண்டிவரை போகவேண்டியிருந்தது. கத்தரிக்காய் குழையும். வாழைத்தோலில் செய்கிறார்கள் என்று லொரேன் சொன்னதை அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள், அந்த மனிதருக்கு வாழைத்தோலை வறுத்துப் போட்டுவிட்டு அப்புறம் யார் பேசுவது. சிப்பிக்காளான் இருந்தது, நீள நீளமாகக் கிழிந்தது, நார் இருந்தது. இன்று காலை அவர் பூசையில் இருக்கும்போது பால்கனியில் சிரட்டையைக் கொளுத்தி, கனலை ஒரு கிண்ணத்தில் எடுத்து, காளான் பாத்திரத்துக்குள் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினாள். மூடியைத் திறந்தபோது வந்த புகையில் கண் எரிந்தது, நல்ல புகை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இதோ இந்த நிமிஷம்வரை, தோசைத் திருப்பியின் நுனியில் ஒரு கீற்றைத் தூக்கிப் பார்க்கிற நிமிஷம்வரை. காளான். அவள் கை அந்தரத்தில் நின்றது. காளான் மாதிரி ஒரு சின்ன வளர்ச்சி, சார். அந்தத் தாளில் இருந்ததும் இதே தலை, இதே காம்பு. கடவுளே, வேறு காய் கிடைக்கவில்லையா எனக்கு. அவர் தட்டில் இதையா கொண்டுபோய் வைப்பது. பார்த்ததும் தெரிந்துவிடும், ஒன்றும் சொல்லமாட்டார், தின்பார், தேங்க்யூ என்பார். குளியலறைக் குழாய் கொட்டுகிற சத்தம் இப்போது மிக நல்ல சத்தமாக இருந்தது, அது நிற்கவே வேண்டாம் என்று இருந்தது. இது ஏன் நேற்று தோன்றவில்லை. கிழிக்கும்போது தோன்றவில்லை, ஊறவைக்கும்போது தோன்றவில்லை. கீற்று கீற்றாகக் கிழித்த பிறகு காளான் முகம் எங்கே இருக்கிறது, பார், நாடா மாதிரி இருக்கிறது, தோல் வார் மாதிரி இருக்கிறது. தலையும் இல்லை, காம்பும் இல்லை. அதைத்தான் எடுத்துவிட்டார்களே. எடுத்ததை என்ன செய்வார்கள், பாட்டிலில் போடுவார்கள். நாங்கள் எண்ணெயில் போடுகிறோம். உப்புப் போட்டு, மிளகு போட்டு, புகை காட்டி, சுருள வறுத்துத் தின்கிறோம், வந்து பார் என்று யாரிடமோ சொன்னாள், டாக்டரிடமா, தாளில் இருந்த படத்திடமா, தெரியவில்லை, உதடு அசைந்துவிட்டது. கீற்றைத் திருப்பிப் போட்டாள். மிச்சக் கீற்றுகளையும் அள்ளிப் போட்டாள். அவை எல்லாம் சேர்ந்தும் ஸ்ஸ் என்றுதான் சொல்லின.

குழாய் நின்றது. வாளி நகர்கிற சத்தம். துண்டை உதறுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பதன் சத்தம் மட்டும். புகை அங்கே போயிருக்கும். வாசம் போயிருக்கும். மூக்கு ஒன்றைச் சொல்லும், காது ஒன்றும் சொல்லாது, டூப்ளிகேட் என்று தெரிந்துகொள்வதற்கு எஞ்சின் டிரைவருக்கு அது போதும். நெருப்பைக் கூட்டினாள். காளான் தண்ணீர் விட்டது, இன்னும் அமைதியானது. துரோகி. ஏதாவது சொல்லேன். அவள் கை அஞ்சறைப் பெட்டிக்குப் போனது, கையைக் கேட்டால் கையே அறியாது, தாளிக்கிற கை, எண்ணெய் காய்ந்தால் அங்கே போய்ப் பழகிய கை. சட்டியைச் சாய்த்துக் கீற்றுகளை ஒதுக்கி, ஓரத்தில் தேங்கிய எண்ணெயில் கடுகை அள்ளிப் போட்டாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை, அந்த ஒரு நொடியில் அவள் கடுகைத் திட்டினாள், மளிகைக் கடைக்காரனைத் திட்டினாள். பட். ஒன்று மூக்கருகே தெறித்தது. பட் பட். அப்புறம் சரம் பற்றிக்கொண்டது. படபடபடவென்று கடுகு சுவரில் அடித்தது, காஸ் லைட்டரில் அடித்தது, அவள் வளையலில் அடித்தது, கீற்றுகள் நடுவில் தீபாவளி போலத் துள்ளின, அவள் ஒரு எட்டுப் பின்னால் போய்த் தோசைத் திருப்பியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கால் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வெடித்து ஓய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சில்லை. முட்டாள் வேலை என்று தோன்றியது. கடுகு வெடிப்பது தெரியாதா அவருக்கு, தினமும் சாம்பாருக்குக் கேட்கிறார். பன்றிக் கொழுப்பு வெடிப்பது ஒரு தாளம், கடுகு வெடிப்பது ஒரு தாளம், லோகோ ஷெட் காதிடமா இந்த வேலை. அடுப்பை அணைத்தாள். ஓட்ஸ் டப்பா எங்கே இருக்கிறது என்று கண் தேடத் தொடங்கியிருந்தது. அப்போது ஓட்டை வழியாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கரகரப்பாக, வெகு நாள் பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளுவது போல வந்தது. "மணல் வாளி எங்க மேன்?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். புகை. சிரட்டைப் புகை. "கேக்குதா மேன்? வாளி எங்கன்னு கேட்டேன்." "உங்க தலைமேல" என்றாள், குரல் ஒரு கட்டை மேலே போய்விட்டது.

தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தார். முட்டை இரண்டு, வாட்டிய ரொட்டி, பக்கத்தில் சுருண்ட கீற்றுகள். தட்டை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், காகம் பார்த்த மாதிரியே. அவள் எதிரே உட்காராமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கீற்றை முள்கரண்டியில் குத்தி, தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "என்னா இது?" "தின்னு பாருங்க." "பன்னி இல்லியே இது." "நான் எப்ப பன்னின்னு சொன்னேன்." வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார், சிக்னலுக்குக் காத்திருக்கிற முகத்தோடு. "சப்பாத்து வாரை ஊறப்போட்டு வறுத்தியா?" என்றார். "ஆமா, உங்க சப்பாத்துதான். காணலியா?" "இடது காலா, வலது காலா?" "இடது." "அதான் உப்பு ஜாஸ்தியா இருக்கு." இன்னொன்றைக் குத்தினார். "கருவாட்டுக் கடையில தீ புடிச்ச மாதிரி வாசம். வீடெல்லாம் நாறுது. இனிப்பு வேற போட்டிருக்க, பேக்கன்ல யாராவது இனிப்பு போடுவாங்களா மேன், உங்க ஊருல அல்வாவுலதான் வெடி வைப்பீங்க போல." "வேணான்னா வைங்க, காக்காக்குப் போடுறேன்." "காக்கா என்னா பாவம் பண்ணிச்சு." தட்டை நீட்டினார். அவள் சட்டியிலிருந்து மிச்சத்தை வழித்து வைத்தாள், அவசரத்தில் பாதி முட்டைமேல் விழுந்தது, அதற்கும் ஏதோ சொன்னார், அவளுக்குக் காதில் ஏறவில்லை. மிளகுப் பொடி எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடிக் கதவில் அவர் தெரிந்தார். ஒரு கீற்றைக் கையிலேயே எடுத்திருந்தார், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கடுகை நகத்தால் நெம்பி எடுத்து, விரல் நுனியில் வைத்து ஒரு நொடி பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்தார்.